மார்கழியில் திறந்த வீடு

வேனிலிருந்து அவர்கள் இறங்கிய விதமே எனக்குப் பிடிக்கவில்லை. இறங்கியதும் ஆளுக்கொரு செல்லைத் தூக்கிப் பிடித்து எங்கள் ஊரைப் படம் எடுத்தார்கள். அங்கே படம் எடுக்க என்ன இருக்கிறது? ஒரு கண்மாய், அதைச் சுற்றிச் சீமைக் கருவேலம், பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. டீக்கடைக்காரர் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல பனியன். முதுகில் 'அன்பு, சேவை' என்று எழுதியிருந்தது. அன்பை முதுகில் எழுதிக்கொண்டு வருகிறவர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நரிக்குடிப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். அரைப் பரீட்சை லீவு என்பதால் அவர்கள் தங்குவதற்குப் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தார்கள். சமையல்கூடத்துச் சாவி என்னிடம் இருந்ததால் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போடுவதும் என் தலையில் விழுந்தது. சென்னையில் ஏதோ ஒரு சபையிலிருந்து வந்த பிள்ளைகள். கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் பாதி, காலேஜில் படிக்கிறவர்கள் பாதி. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வந்து, புது வருஷ ஆராதனைக்குள் திரும்பிவிடுவார்கள். நடுவில் கிடைக்கிற நாட்களில் எங்களுக்கு நல்லது செய்வார்கள். அவர்கள் பேச்சில் அதற்கு ஊழியம் என்று பெயர்.

"மதம் மாத்த வந்திருக்காகளா?" என்று டீக்கடையில் ஒருவர் என்னைக் கேட்டார்.

"அதுக்கெல்லாம் இவுகளுக்குச் சாமர்த்தியம் பத்தாது. ரசத்துல கெடக்குற மொளகாயப் பொறுக்கவே அரைமணி நேரம் ஆகுது" என்றேன்.

பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு சுகரும் பிரஷரும் பார்த்தார்கள். இதெல்லாம் ஓரமாக நடந்த வேலைகள். அவர்கள் வந்த முக்கியமான காரியம் ஒரு வீட்டைத் திறப்பது. அந்த வீடு என் ஓரகத்திக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டிக்கு.

அவளுக்கும் எனக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மாமனார் இடத்தைப் பிரித்தபோது ரோட்டுப் பக்கம் எங்களுக்கும் கண்மாய்ப் பக்கம் அவர்களுக்கும் விழுந்தது. அதில் வந்த வம்பு. பேச்சில்லை என்றால் வாயைத் திறக்கவே மாட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது. நான் கோழியைப் பார்த்துச் சொல்வேன், அவள் ஆட்டைப் பார்த்துப் பதில் சொல்வாள். "ஏ கோழி, குப்பையக் கிண்டி அடுத்தவுக வாசல்ல போடாத" என்று நான் சொன்னால், "ஏ ஆடே, நமக்கு வாசல்னு ஒண்ணு இருந்தாத்தானே" என்று பின்பக்கமிருந்து வரும். கல்யாணம், சாவு, ரேஷன் கடையில் பருப்பு வந்தது என்று எல்லாவற்றையும் இப்படியே பேசி முடித்திருக்கிறோம்.

அவள் புருஷன் கேரளாவுக்குப் பரோட்டாக் கடை வேலைக்கென்று போனவன், போனவன்தான். நூறு நாள் வேலைக்குப் போய், ஆடு மேய்த்து, கருவேலம் வெட்டி ஒரே மகளை ஆளாக்கினாள். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கட்டியும் கொடுத்துவிட்டாள். அவள் இருந்தது மண்சுவர் வைத்த ஓலை வீடு. ஒரு மழையில் பக்கச் சுவர் சரிந்தது. அப்போதுதான் இந்தச் சபைக்காரர்கள் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். புரட்டாசியில் அவர்களுடைய கொத்தனார் வந்தார். இடம் வேண்டும் என்று பழைய வீட்டை ஒரே காலையில் தரைமட்டமாக்கினார். ஆட்டுக் கொட்டகையில் ஆடுகளை ஒரு பாதிக்குத் தள்ளிவிட்டு மறுபாதியில் இவள் குடியேறினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான் பின்வாசலில் நின்று சத்தமாக, "ஏ கோழி, எங்க வீட்டுல எடம் கெடக்கு. வேணுங்கிறவுக வந்து படுக்கட்டும்" என்றேன்.

கொட்டகையிலிருந்து பதில் வந்தது. "ஏ ஆடே, ரெண்டு மாசந்தானே. பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துக்கிருவோம்."

அவள் பல்லைக் கடித்தது மகளுக்காக. அந்தப் பிள்ளை முழுகாமல் இருந்தது. மாசியில் பிரசவம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் எங்கள் பக்கம் மாற்றுப் பேச்சே கிடையாது. தை பிறந்ததும் போய்க் கூட்டி வரவேண்டும். கூட்டி வந்து எங்கே படுக்க வைப்பது, ஆட்டோடா? அவளுக்கு டைல்ஸ் தரை வேண்டாம், ஃபேன் வேண்டாம். மகளைக் கூட்டி வந்து படுக்க வைக்க நாலு சுவரும் ஒரு கதவும் வேண்டும். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

கார்த்திகை பாதியில் வீட்டுக்கு மேல்தளம் போட்டுப் பூச்சும் முடிந்துவிட்டது. நானே வரப்போகிற சென்னைக் குழுவின் தலைவருக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்தில் தங்குவது பற்றி அவர் முன்பே என்னிடம் பேசியிருந்ததால் நம்பர் இருந்தது.

"தம்பி, கார்த்திக முடியறதுக்குள்ள ஒரு நா பால மட்டும் காச்சிக்கிறோம். அப்பறம் நீங்க என்னைக்கு வேணா வாங்க, ரிப்பன் வெட்டுங்க, பாட்டுப் பாடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"இல்லம்மா. பிரதிஷ்டை ஆகறதுக்கு முன்னாடி யாரும் உள்ள போகக் கூடாது. அது எங்க சபையோட முறை" என்றார்.

அவர்களுக்கு ஒரு முறை இருக்கலாம். எங்களுக்கு ஒரு முறை இருக்கக் கூடாது. கொத்தனார் கதவை மாட்டி, பூட்டைப் போட்டு, சாவியைச் சென்னைக்குக் கொண்டு போய்விட்டார். மார்கழி பிறந்தது.

மார்கழியில் எங்கள் ஊரில் வீடு குடிபோக மாட்டார்கள். பீடை மாதம் என்பார்கள் சிலர், சாமிக்கென்று விட்ட மாதம் என்பார்கள் சிலர். எது சரியோ எனக்குத் தெரியாது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஆனால் பாதி நம்பிக்கைக்கும் பயம் முழுசாகத்தான் வருகிறது. அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரி வந்து படுக்கப் போகிற வீடு என்றால் யாருக்குத்தான் துணிச்சல் வரும்? வாடகை வீட்டுக்குக் கூட மார்கழியில் பெட்டியைத் தூக்க மாட்டார்கள். இது சென்னையில் இருக்கிற தமிழாட்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், எங்களுக்கு லீவு அப்போதுதான் கிடைக்கும் என்று வந்து நின்றார்கள்.

வந்த அன்றைக்கே சமையல்கூடத்தில் தலைவரைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தைந்து வயது இருக்கும். எதைச் சொன்னாலும் சிரிப்பார். திட்டினாலும் சிரிப்பார். திட்டுகிறவளுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது.

"தை பொறந்து ஒரு நா வாங்க தம்பி. ஒருநாத்தான். வந்து தெறந்துட்டுப் போயிருங்க."

"பொங்கலுக்கு எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்கம்மா. அப்புறம் ஆபீஸ் இருக்கு. இந்த ட்ரிப்புல முடியலன்னா அடுத்து மே மாசம்தான்."

"அப்பச் சாவிய மட்டும் அவகிட்டக் குடுத்துட்டுப் போங்க."

"வீட்டுக்கு உதவி பண்ண குடும்பம் வெளிநாட்டுல இருக்காங்க. வீட்டுக்காரம்மா உள்ள போறத வீடியோவுல பார்க்க ஆசைப்படறாங்க. பிரதிஷ்டை ஆகாம சாவி குடுக்க முடியாதும்மா. எங்களுக்கு நாள் நட்சத்திரம் எல்லாம் கிடையாது. எல்லா நாளும் நல்ல நாள்தான்."

"ஒங்களுக்குக் கெடையாது. வீடு யாருக்கு?"

அதற்கும் சிரித்தார். எனக்கு உலையில் கிடந்த கரண்டி வரைக்கும் கை போய்விட்டு வந்தது.

எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டவும் முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை இருந்தது. கண்ணாடி போட்டு, ஒல்லியாக இருக்கும். அது மட்டும் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவியது. பிறகு மற்றவர்கள் வைத்துவிட்டுப் போன தட்டையெல்லாம் எடுத்துக் கழுவியது. சாம்பல் போட்டுத் தேய்க்கத் தெரியாமல் கை சிவந்து போயிருந்தது. "விடு தாயி, நாங்க பாத்துக்கிறோம்" என்றால் கேட்காது. இந்த ஒரு பிள்ளையால் என் கோபத்தில் ஓட்டை விழுகிறதே என்று அதன் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது.

திறப்பு நாள் காலையில் வீட்டு முன்னால் பலூன் கட்டியிருந்தார்கள். வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். நல்ல வீடுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் கக்கூஸ். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே புது கேஸ் அடுப்பும் பால் பாத்திரமும் தயாராக இருந்தன. ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆனால் தள்ளித்தான் நின்றார்கள். யாரும் வரிசைத் தட்டு எடுத்து வரவில்லை. ஒரு தேங்காய் கூட இல்லை. ஒரு புது வீட்டுக்கு எங்கள் ஊரார் வெறுங்கையோடு வந்து நின்றது அன்றைக்குத்தான்.

என் ஓரகத்தி அவர்கள் எடுத்துக் கொடுத்த புதுச் சேலையைக் கட்டியிருந்தாள். மடிப்புக் கூடக் கலையவில்லை. தலைவர் ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்ததும் கத்தரிக்கோலை அவளிடம் கொடுத்தார். ஒரு பையன் செல்லைத் தூக்கிப் பிடித்தான். அவள் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"தம்பி, ஒரு ரோசன சொல்றேன். மொதல்ல நீங்க போங்க. நீங்களே பாலக் காச்சிக் குடிங்க. ரெண்டு ராத்திரி அங்கயே படுத்துக்கிருங்க. ஒங்களுக்குத்தான் எல்லா நாளும் நல்ல நாளாச்சே. தை பொறந்ததும் அவ உள்ள போயிக்கிருவா."

ஊர்ப் பெண்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் சிரித்துக்கொண்டே, "அவங்களுக்காகக் கட்டின வீடு, அவங்கதான் முதல்ல போகணும்" என்றார்.

"சரி, ஒங்க வீட்டுக்கு நீங்க என்னைக்குப் பால் காச்சுனீக?"

"அது எதுக்கும்மா இப்போ? ஞாபகம் இல்ல."

பின்னாலிருந்து அந்தக் கண்ணாடிப் பிள்ளை, உதவி செய்கிற நினைப்பில், "தை மாசம்ணா. பொங்கல் லீவுல நாங்க எல்லாரும் வந்தோமே. மார்கழி வேணாம்னு உங்க அம்மாதான் தள்ளி வைக்கச் சொன்னாங்கன்னு சொன்னீங்களே" என்றது.

ஊரே சிரித்தது. டீக்கடைக்காரர் கைதட்டினார். தலைவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் போனதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விட்டுவிடுவேனா?

"ஒங்க ஆத்தாளுக்கு ஒரு பஞ்சாங்கம், எங்களுக்கு ஒரு பஞ்சாங்கமா? ஒங்க வீட்டுப் பிள்ளைன்னா தை. எங்க வீட்டுப் பிள்ளைன்னா மார்கழி போதுமா? ஓசி வீடுதானேன்னு நெனப்பா?"

அவர் காது சிவந்துவிட்டது. "யாரையும் கட்டாயப்படுத்த நாங்க வரலம்மா. விருப்பம் இல்லன்னா வேண்டாம். மே மாசம் பார்த்துக்கலாம்" என்று சாவியைப் பேண்ட் பையில் போட்டார். செல் பிடித்திருந்த பையனைப் பார்த்து, போதும் என்று கையைக் காட்டினார். பலூன் கட்டிய பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என் ஓரகத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். கோழி, ஆடு எதுவும் நடுவில் இல்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்க சண்டையில எம் வீடு போயிரும்" என்றாள்.

சொல்லிவிட்டு ரிப்பனை வெட்டினாள். "சாவியக் குடுங்க தம்பி" என்று கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். கதவைத் திறந்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

செல் பிடித்த பையன் பின்னாலேயே ஓடினான். நீல பனியன்கள் எல்லாம் பாடிக்கொண்டு உள்ளே நுழைந்தன. பால் பொங்கியபோது கைதட்டினார்கள். வெளியே நின்றவர்களில் ஒருத்தி கூட வாசல்படியை மிதிக்கவில்லை. நானும் மிதிக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவளே தம்ளரில் பால் கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். குடிக்க மனம் வரவில்லை. சுவரோரம் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டேன். மத்தியானம் இருபது பேருக்கும் நான்தானே பொங்கிப் போட வேண்டும்.

மறுநாள் அவர்கள் போனார்கள். போகும்போது அந்தக் கண்ணாடிப் பிள்ளை என்னிடம் வந்து, "சாரிம்மா" என்றது.

தை பிறந்தது. பொங்கல் முடிந்ததும் ஓரகத்தி மகளைக் கூட்டி வரக் கிளம்பினாள். புருஷன் இல்லாத குறைக்குத் துணையாக ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். அதற்குள் நாங்கள் நேராகப் பேசத் தொடங்கியிருந்தோம். பழக்கமில்லாததால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் கொஞ்சம் திணறல் இருந்தது. பழமும் பூவும் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம்.

சம்மந்தியம்மா மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். காபி கொடுத்தார். காபி குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு பேச்சை எடுத்தார்.

"நீங்க தப்பா எடுத்துக்கிரக் கூடாது. ஒங்க வீடு தெறந்ததச் செல்லுல பாத்தோம். நல்லா இருக்கு. ஆனா மார்கழியில பால் காச்சுன வீட்டுக்கு எம் மருமகள அனுப்ப எனக்கு மனசு வல்ல. மொதப் பிள்ள. பெரியம்மா வீட்டுக்குன்னாக் கூட்டிட்டுப் போங்க. அந்த வீட்டு வாசப்படிய மட்டும் இவ மிதிக்க வேண்டாம். பிள்ளையும் மிதிக்க வேண்டாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். என்ன கேட்பது? ஊரைக் கூட்டி வைத்து நான் கத்தியதைத்தான் அந்தம்மா காபி கொடுத்து மெதுவாகச் சொன்னார். என் பேச்சே எனக்கு எதிரில் சேலை கட்டி உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்திலும் பயம்தான் இருந்தது. என் ஓரகத்தி சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து, கொண்டு வந்த பூவை மகள் தலையில் வைத்தாள்.

மாசியில் அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டு நடு அறையில் சேலையில் தொட்டில் கட்டினோம். ஓரகத்தி விடிந்ததும் வருவாள். என் அடுப்பில் பத்தியச் சோறு ஆக்குவாள், வெந்நீர் வைப்பாள், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். இருட்டியதும் பின்பக்கம் போய், அந்த டைல்ஸ் போட்ட வீட்டில் ஒற்றையாகப் படுத்துக்கொள்வாள். பின்வாசலில் நின்று பார்த்தால் லைட் எரிவது தெரியும். அந்த லைட்டைப் பார்க்கும்போதெல்லாம் சென்னையில் இருக்கிற அத்தனை பேரையும் நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தலைவர் என் போனுக்குக் கூப்பிட்டார். ஓரகத்தி அப்போது தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்தது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா, சபையில எல்லாரும் இருக்கோம். போன் ஸ்பீக்கர்ல இருக்கு. ஆண்டவர் வீடு குடுத்தாருன்னு அவங்க ஒரு சாட்சி சொன்னா எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும். கொஞ்சம் குடுங்களேன்."

எத்தனை நாளாக நான் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு சபையே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்? "தம்பி, நானே சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தேன். ஓரகத்தி எட்டி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் அவர். "புது வீட்டுல பேத்தி நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காப்பா" என்றாள், என் வீட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டு. "உள்ளதான் தூங்குறா. எம் மகளும் தூங்குறா. ஒங்க எல்லாருக்கும் புண்ணியமாப் போகட்டும்."

அங்கே கைதட்டினார்கள். எத்தனை பேர் என்று தெரியாது, நிறையப் பேர். ஸ்பீக்கரில் வந்த அந்தச் சத்தத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. அவள் போனை வைத்துவிட்டுப் பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "எதுக்குடி பொய் சொன்ன? அவனுகளுக்கு ஏன்டி பயப்படுற? தூக்குடி பிள்ளைய. இப்பயே தூக்கிட்டு ஒன் வீட்டுக்குப் போ. ஒன் கட்டில்ல போட்டுத் தூங்க வையி. சம்மந்தியம்மா வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஊருல எவ கேக்குறான்னு பாக்குறேன்."

அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே என் பின்வாசல் வரைக்கும் போனாள். அங்கிருந்து அவள் வீட்டுக் கதவு நேராகத் தெரியும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"வேணாங்க்கா" என்றாள். "எனக்குந்தான் பயமா இருக்கு."